குழாய் கிராமபோனுக்கு உதிரி பாகம்: கிடைப்பதும் பொருந்துவதும்

மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம். கைப்பிடியைப் பத்து இருபது சுற்று சுற்றிவிட்டால் பாடும் பெட்டி கிராமபோன். கம்பி எட்டாத மலைகளுக்கென்றே செய்தது போன்ற சாதனம். நகரத்தில் ரேடியோ வந்து அதை ஓரங்கட்டிய பிறகும், மலைத் தோட்டங்களின் பங்களாக்களில் அதற்கு மரியாதை குறையவில்லை. மாலையில் மூடுபனி இறங்கியபின் வேறு பொழுதுபோக்கு ஏது?

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் போனால் வரும் போனக்காடும் அப்படிப்பட்ட மலைத் தோட்டம்தான். அகத்தியர்கூடம் ஏறுகிறவர்கள் புறப்படும் இடம் என்று வெளியூர்க்காரர்கள் அதை அறிவார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பங்களுக்கு அது சொந்த ஊர் மாதிரி. நிர்வாகம் நொடித்து, தேயிலை ஆலையின் ஓட்டம் நின்று, கூலிப் பாக்கியும் பணிக்கொடைப் பாக்கியுமாகத் தொழிலாளர்கள் அல்லாடிய கதை கேரளம் முழுவதும் தெரிந்ததே.

கஷ்டம் வந்த வீட்டிலிருந்து முதலில் வெளியே போவது பித்தளை. அண்டா, குத்துவிளக்கு என்ற வரிசையில் பரணில் கிடக்கும் பழைய பாட்டுப் பெட்டியும் பழைய இரும்புக்காரரின் தராசுக்குப் போய்விடுகிறது. "ஓடாத பெட்டி, இதற்கு இனி சாமான் கிடைக்காது" என்ற ஒரு வார்த்தைதான் காரணம். சாமான் கிடைக்கும் என்பதே உண்மை. எந்தச் சாமானைத் தேடுவது, எதை மாற்றாமல் விடுவது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பழைய கிராமபோனுக்குப் பெரிய கெடுதல் பாகம் இல்லாமல் போவதால் வருவதில்லை. பொருந்தாத பாகத்தை மாட்டுவதால்தான் வருகிறது. பாகம் இல்லாவிட்டால் பெட்டி சும்மா இருக்கும். பொருந்தாத பாகத்தோடு ஓடினால் தட்டில் இருக்கும் பாட்டு அழியும். அந்தப் பாட்டு மறுபடி கிடைக்காது.

போனோகிராப் வேறு, கிராமபோன் வேறு

முதலில் பெயர்க் குழப்பம் தீர வேண்டும். எடிசன் 1877-ல் கண்டுபிடித்த போனோகிராப், உருளையில் பதிந்த ஒலியைப் பாடுவது. எமில் பெர்லினர் 1887-ல் உரிமை பெற்ற கிராமபோன், தட்டையான தட்டைப் பாடுவது. இரண்டுக்கும் குழாய் உண்டு; இரண்டுக்கும் சாவி கொடுக்க வேண்டும். ஆனால் ஒன்றின் பாகம் மற்றதற்கு ஆகாது.

உருளையில் ஊசி மேலும் கீழுமாக ஏறி இறங்குகிறது. சாதாரணத் தட்டில் பள்ளம் பக்கவாட்டில் நெளிகிறது. ஆகவே ஒலியை எடுக்கும் தலைப்பகுதியின் அமைப்பே வேறு. எடிசன் உருளைகளுக்குள்ளும் இரண்டு ஜாதி உண்டு. பழைய 2 நிமிட மெழுகு உருளையில் அங்குலத்துக்கு 100 வரி. 1908-ல் வந்த 4 நிமிட உருளையில் 200 வரி. பெரிய கோடுக்கான நீலக்கல் முனையை நுண்ணிய கோட்டில் வைத்தால் உருளை அன்றே பாழ்.

தட்டுகளிலும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பிரான்சு நாட்டுப் பாத்தே கம்பெனியின் பழைய தட்டுகள் வடிவத்தில் தட்டு; பதிவோ மேலும் கீழுமான வகை. அவற்றுக்கு உருண்டை முனை நீலக்கல் வேண்டும், எஃகு ஊசி ஆகாது. இந்தத் தட்டுகள் கல்கத்தா வழியாக நம் நாட்டிலும் விற்றன. எனவே பெட்டிக்குப் பாகம் தேடும் முன் வீட்டில் இருக்கும் தட்டு எது, உருளை எது என்று பார்த்துக்கொள்வது முதல் வேலை.

எதற்காக இந்த மெனக்கெடு?

கிராமபோன் கம்பெனியின் பிரெட் கைஸ்பர்க் 1902 நவம்பரில் கல்கத்தா வந்து கௌஹர் ஜானின் குரலைப் பதிந்தார். தட்டு அச்சாகி வந்தது ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து. 1908-ல் கல்கத்தா சியால்தாவிலேயே தொழிற்சாலை வந்தது. பிறகு 1928-ல் டம்டம். தட்டுக்கு முக்கிய மூலப்பொருளான அரக்கு நம் நாட்டுச் சரக்கு. சோட்டா நாக்பூர்க் காடுகளில் பூச்சி கட்டுவது.

தென்னாட்டிலும் அந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பதிவு வேலை நடந்தது. கோயம்புத்தூர் தாயி போன்றவர்களின் குரலை நாம் இன்று கேட்க முடிவது அந்தத் தட்டுகளால்தான். 1933-ல் இளவயதிலேயே மறைந்த எஸ். ஜி. கிட்டப்பா, அவரோடு கே. பி. சுந்தராம்பாள் என்று நாடக மேடையின் குரல்களைக் கிராமத்து டீக்கடை வரை கொண்டு போனது கிராமபோன். ஏ. வி. மெய்யப்பன் படத் தொழிலில் பெயர் எடுக்கும் முன் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற பெயரில் இசைத்தட்டு வியாபாரம் செய்தவர்.

அந்தத் தட்டுகளில் பலவற்றுக்கு இரண்டாவது பிரதி எங்கே இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு குடும்பத்தின் பரணில் இருப்பதே கடைசிப் பிரதியாகவும் இருக்கலாம். அதன் மேல் எந்த ஊசி, எந்தச் சவுண்ட் பாக்ஸ் ஓடுகிறது என்பது அதனால்தான் சாதாரண விஷயம் அல்ல.

பெட்டியைத் திறந்ததும்

போனக்காடு போன்ற மழை மலையில் பல ஆண்டு பரணில் கிடந்த பெட்டியை இறக்கினால் என்ன நிலையில் இருக்கும்? பலகை ஒட்டு விட்டிருக்கும். கிரீஸ் பிசின் போல இறுகியிருக்கும். ரப்பர் கல்லாகியிருக்கும். எஃகுச் சுருளில் துரு பிடித்திருக்கும். இவற்றில் எதுவும் பெட்டியின் முடிவு அல்ல.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. எடுத்தவுடன் கைப்பிடியைச் சுற்றிப் பார்க்கக் கூடாது. துருப் பிடித்த சுருள் அந்தச் சுற்றில்தான் உடைகிறது. முதலில் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். திருகாணிகளைக் கழற்றும் வரிசையிலேயே தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, எது எங்கே என்று எழுதி வையுங்கள். இந்தத் திருகாணிகளின் மரை இன்றைய கடைத் திருகாணிகளோடு ஒத்துப்போவது அபூர்வம். ஒன்று தொலைந்தால் லேத் பட்டறையில்தான் கடைந்து வாங்க வேண்டும்.

சுருள்வில்

பெட்டியின் உயிர் மெயின் ஸ்பிரிங். வட்டமான இரும்பு டப்பாவுக்குள் சுருட்டி அடைத்த நீண்ட எஃகுப் பட்டை இது. பாடும்போது 'தொம்' என்று உள்ளே இடித்துப் பாட்டு ஒரு துள்ளு துள்ளினால் ஸ்பிரிங் போய்விட்டது என்று சொல்லி மாற்றிவிடுகிறார்கள். பெரும்பாலும் போனது ஸ்பிரிங் அல்ல, கிரீஸ். இறுகிய கிரீஸில் சுருள் ஒட்டிக்கொண்டு, திடீரென்று விடுபடும்போது வரும் சத்தம் அது. கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கிராபைட் கலந்த கிரீஸ் பூசினால் பழைய ஸ்பிரிங்கே பல ஆண்டு உழைக்கும்.

உண்மையிலேயே உடைந்திருந்தால் எங்கே உடைந்தது என்று பார்க்க வேண்டும். முனையில், கொக்கி மாட்டும் துளையருகே உடைந்திருந்தால், அந்த முனையை மட்டும் நெருப்பில் காட்டி மிருதுவாக்கிப் புதுத் துளை போடலாம். நீளம் சற்றுக் குறையும், பாதகமில்லை. நடுவில் உடைந்தால் வேறு ஸ்பிரிங்தான் வழி. ரிவிட் அடித்து ஒட்டுப் போடுவது சில நாளைக்குத்தான் தாங்கும்.

வேறு ஸ்பிரிங் வாங்க நான்கு அளவு தேவை: பட்டையின் அகலம், கனம், நீளம், இரண்டு முனைகளின் வடிவம். அகலம் அதிகமானால் டப்பா மூடியில் உரசும். கனம் அதிகமானால் சாவி சில சுற்றிலேயே இறுகிப் பல்சக்கரத்தைத் தின்னும். கனம் குறைந்தால் பாட்டு முடியும் முன் பெட்டி சோர்ந்துவிடும். 10 அங்குலத் தட்டு ஒரு பக்கம் சுமார் 3 நிமிடம், 12 அங்குலத் தட்டு 4 நிமிடத்துக்கு மேல் ஓடும். ஒரு முறை சாவி கொடுத்தால் ஒரு பக்கம் முழுவதும் வேகம் குறையாமல் ஓடவேண்டும் என்பதே கணக்கு.

ஓர் எச்சரிக்கை அவசியம். டப்பாவுக்குள் அடங்கியிருக்கும் சுருள் அடைத்து வைத்த பாம்பு மாதிரி. முறுக்கை முழுவதும் இறக்காமல் திறந்தால் சீறி வெளியே வந்து கையைக் கிழிக்கும்; கண்ணையும் பறிக்கும். தோல் கையுறை, கண்ணாடி இல்லாமல் யாரும் இதில் கை வைக்கக் கூடாது. பழக்கமில்லாதவர்கள் பெரிய கடிகார ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெரு மாதிரிப் பழைய பஜார்களில் விசாரித்தால் அப்படிப்பட்டவரைப் பற்றித் துப்புக் கிடைக்கும்.

கவர்னர்

தேயிலை ஆலையில் ஆயில் என்ஜினோடு பழகிய பிட்டர்களுக்குக் கிராமபோனின் கவர்னரை விளக்கவே வேண்டாம். தத்துவம் ஒன்றுதான். நடு அச்சைச் சுற்றி மூன்று சிறு குண்டுகள் மெல்லிய வில் தகடுகளில் தொங்குகின்றன. வேகம் கூடினால் குண்டுகள் வெளியே விரியும். விரிந்தால் ஒரு சிறு வட்டத் தகட்டை இழுத்துத் தோல் அல்லது பெல்ட் துணித் துண்டில் உரசவைக்கும். உரசினால் வேகம் அடங்கும். என்ஜினுக்குச் செய்ததைக் கைக்கடங்கிய அளவில் பாட்டுக்குச் செய்திருக்கிறார்கள்.

இங்கே அடிக்கடி போவது அந்த மூன்று வில் தகடுகள். ஒன்று உடைந்தால் மூன்றையும் ஒரே கனத்தில் மாற்ற வேண்டும். ஒன்று மட்டும் தடித்திருந்தால் குண்டுகள் சமமாக விரியாது, பாட்டு நடுங்கும். நீண்ட இழுப்பாகப் பாடும் இடத்தில் குரல் அலைவது தெரிந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். தகரத்தை வெட்டி வைப்பது உதவாது. சுருளும் தன்மையுள்ள எஃகுத் தகடே வேண்டும். 'கீச்' என்று சத்தம் வந்தால் பாகமே வேண்டாம். உரசும் தோலில் ஒரு சொட்டு எண்ணெய் போதும்.

வேகம் சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. தட்டுக்கு அடியில் ஒரு காகிதத் துண்டை நீட்டி வைத்து, தட்டில் ஊசியை வைத்து ஓடவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள். 20 விநாடியில் 26 சுற்று வந்தால் நிமிடத்துக்கு 78. ஊசி இல்லாமல் எண்ணினால் கணக்கு தவறும். ஊசியின் இழுப்பும் வேகத்தைக் குறைக்கும். 1925-க்கு முந்திய பழைய தட்டுகள் எல்லாம் சரியாக 78 சுற்றில் பதிந்தவை அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. அவற்றுக்குக் காதுதான் நீதிபதி.

சவுண்ட் பாக்ஸ்

ஊசியைப் பிடித்திருக்கும் வட்டத் தலைக்குச் சவுண்ட் பாக்ஸ் என்று பெயர். குழாய் கிராமபோன் காலத்தில் இதன் உள்ளே இருந்தது காக்காப்பொன் என்று ஊர்ப்புறத்தில் சொல்லும் மைக்காத் தகடு. மைக்காவுக்கு நம் நாடு உலகப் பிரசித்தம். கோடர்மாவும் நெல்லூர்ப் பக்கத்துக் கூடூரும் அதற்குப் பேர் போன இடங்கள்.

மைக்காவில் வெள்ளை படர்ந்து ஏடு ஏடாகப் பிரிந்திருந்தால், அல்லது நடுவே விரிசல் கண்டிருந்தால் மாற்ற வேண்டும். தெளிவான மைக்காத் தகட்டில் அதே விட்டத்துக்கு, அதே கனத்துக்கு வெட்டி வைக்கலாம். பிளாஸ்டிக் தகடு வைத்துத் தருகிறார்கள் சிலர். ஓசை வரும், குரல் வராது.

ஆனால் பத்துப் பெட்டியில் எட்டுப் பெட்டிக்கு மைக்கா நன்றாகவே இருக்கும். கெட்டிருப்பது அதன் விளிம்பை இருபுறமும் பிடித்திருக்கும் ரப்பர் வளையம். மெத்தென்று இருக்கவேண்டிய ரப்பர் கல்லாகிவிட்டால் தகடு அசைய முடியாது. உரத்த இடங்களில் கரகரப்பு வரும். ஊசியின் உதைப்பு முழுவதும் தட்டின் பள்ளத்தில் இறங்கும். மிருதுவான மெல்லிய ரப்பர்க் குழாயை அளவாக வெட்டி வைப்பதுதான் வைத்தியம். கனம் ஒத்து வந்தால் சைக்கிள் வால்வு ட்யூப்பையே வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. வெட்டிய முனைகள் இரண்டும் இடைவெளி இல்லாமல், மேலேறாமல் சந்திக்க வேண்டும்.

திரும்பப் பூட்டும்போது கவனிக்க வேண்டியது மூன்று. மைக்கா எந்தப் பக்கமும் இழுபடாமல் சமமாக நிற்க வேண்டும். ஊசிக்கம்பி ஆட்டம் இல்லாமலும், இறுக்கம் இல்லாமலும் தன் அச்சில் அசைய வேண்டும். கம்பியை மைக்காவின் நடுவில் பிடித்திருக்கும் சின்னத் திருகாணியின் மேல் ஒரு பொட்டுத் தேன்மெழுகு வைத்து அடைக்க வேண்டும். காற்று கசிந்தால் ஓசையும் கசியும்.

பிற்காலத்துச் சவுண்ட் பாக்ஸ்கள் பலவற்றின் உடல் துத்தநாகக் கலவையில் வார்த்தது. கலவையில் கலந்துவிட்ட ஈயம் முதலிய அசுத்தத்தால் அது தானாகவே வீங்கி வெடிக்கும். இப்படி வெடித்ததை ஒட்டவும் முடியாது, பற்றவைக்கவும் முடியாது. திருகாணியைப் பலமாகத் திருப்பினாலே நொறுங்கும். இந்த ஒன்றுக்குத்தான் முழு மாற்றுப் பாகம் தேட வேண்டியிருக்கும். பித்தளையில் செய்த ஆதிகாலத்து 'எக்ஸிபிஷன்' சவுண்ட் பாக்ஸுக்கு இந்த நோய் இல்லை.

குழாயும் முழங்கையும்

குழாயில் நசுங்கல் இருந்தால் புதுக் குழாய் வேண்டியதில்லை. பித்தளைப் பாத்திரம் தட்டும் கன்னார், உள்ளே உருண்டைக் கட்டையை வைத்து மெல்லத் தட்டி எடுத்துவிடுவார். பழைய குழாய்கள் எல்லாம் பளபளக்கும் பித்தளை என்று நினைப்பது தவறு. பூவிதழ் போன்ற மடிப்புள்ள தகரக் குழாய்க்குக் கறுப்பு, சிவப்பு, பச்சை என்று வர்ணம் பூசியே விற்றார்கள்; மரக் குழாயும் உண்டு. வர்ணத்தைச் சுரண்டிவிட்டுப் பாலீஷ் போட்டால் பெட்டியின் வயது போய்விடும்.

குழாயும் டோன் ஆர்மும் சேரும் வளைவுக்கு முழங்கை என்று பெயர் சொல்லலாம். தொலைந்து போவது பெரும்பாலும் இதுதான். குழாய் கிடைத்தது, டோன் ஆர்ம் கிடைத்தது என்று வெல்டிங் வைத்து இணைக்கிறார்கள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை அது. டோன் ஆர்ம் ஓர் அங்குலம் கூடக் குறையப் போனால் ஊசி பள்ளத்தின் போக்கில் போகாமல் குறுக்கே சாய்ந்து சுவரைச் செதுக்கும். பொருந்துகிறதா என்று பார்க்க, டோன் ஆர்மைத் தட்டின் நடு முளை வரை நகர்த்திப் பாருங்கள். ஊசி முளையை ஒட்டி வர வேண்டும். வெகு தூரத்தில் நின்றாலோ, தாண்டி வெகுவாகப் போனாலோ அந்த ஆர்ம் அந்தப் பெட்டியுடையது அல்ல.

ஊசி: மிகச் சின்ன பாகம்

எல்லாவற்றிலும் மலிவான பாகம் ஊசி. அதிகச் சேதம் செய்வதும் அதுதான். அரக்குத் தட்டில் கல்பொடி கலந்திருக்கிறது. எஃகு ஊசியின் முனையைத் தேய்த்துப் பள்ளத்துக்குத் தக்கபடி ஆக்கிக்கொள்வதற்காகவே அப்படிச் செய்தார்கள். ஆகவே ஒரு பக்கம் பாடியதும் ஊசி உளியாகிவிடுகிறது. ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி என்பது கம்பெனிகள் அன்று சொன்ன விதி. இன்றும் மாறவில்லை. சின்னத் தகர டப்பாவில் 200 ஊசி போட்டு விற்றதன் காரணமும் அதுவே.

தையல் ஊசி, குண்டூசி, முள் என்று வைத்துப் பார்ப்பது தட்டுக்குச் செய்யும் துரோகம். எஃகு ஊசிகள் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன; பழைய டப்பாக்களும் அகப்படுகின்றன. சவுண்ட் பாக்ஸ் ஊசி வழியாகத் தட்டில் அழுத்தும் பாரம் 100 கிராமுக்கு மேல். இன்றைய ரிக்கார்டு பிளேயரின் முள் அழுத்துவது இரண்டு மூன்று கிராம். பிளாஸ்டிக் எல்.பி. தட்டைத் தாத்தாவின் பெட்டியில் போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நாய் படமும் போலிப் பெட்டியும்

குழாயின் முன் நாய் உட்கார்ந்திருக்கும் 'ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்' படத்துக்கு ஒரு கதை உண்டு. பிரான்சிஸ் பரோ என்ற ஆங்கில ஓவியர் முதலில் வரைந்தது உருளை ஓடும் போனோகிராப். கறுப்புக் குழாய் எடுப்பாக இல்லை என்று, பார்த்து வரையப் பித்தளைக் குழாய் ஒன்றை இரவல் கேட்டு 1899-ல் கிராமபோன் கம்பெனிக்குப் போனார். பெட்டியையே மாற்றித் தங்கள் கிராமபோனை வரைந்தால் படத்தை வாங்கிக்கொள்வதாகக் கம்பெனி சொன்னது. பழைய பெட்டியின் மேலேயே புதுப் பெட்டியைத் தீட்டிக் கொடுத்தார்.

அந்தப் படத்தின் பித்தளைக் குழாய் இன்று வேறு ஒரு தொழிலுக்கு முதலாகியிருக்கிறது. மொரதாபாத் போன்ற பித்தளைப் பட்டறை ஊர்களில் செய்த புதுக் குழாய், புதுப் பெட்டி, நாய் படம் ஒட்டிய தகடு, உள்ளே எங்கிருந்தோ பிடுங்கிய பழைய மோட்டார். இப்படிச் சேர்த்த பெட்டியைப் புராதனச் சாமான் என்று விற்கிறார்கள். வெளிநாட்டுச் சேகரிப்போர் இந்தியப் போலி என்றே இதற்கு ஒரு கேலிப் பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்குக் கௌரவமான விஷயம் அல்ல.

இதில் ஏமாறுகிறவரின் பணம் மட்டும் போவதில்லை. மோட்டாரும் சவுண்ட் பாக்ஸும் வந்தது பெரும்பாலும் சூட்கேஸ் போல மடித்து எடுத்துப் போகும் போர்ட்டபிள் கிராமபோன்களிலிருந்து. 1931 முதல் பல்லாண்டு விற்ற எச்.எம்.வி. 102 போன்ற உறுதியான பெட்டிகள் இதற்காக உடைபட்டன. அழகுக்கு வைக்கும் ஒரு போலிக்காக, பாடிக்கொண்டிருந்த ஒரு பெட்டி செத்தது என்று அர்த்தம்.

போலியை அடையாளம் காண்பது கடினமல்ல. பெட்டி எட்டு மூலையாகவும், பித்தளைத் தகடு அடித்ததாகவும் இருக்கும். சுழலும் மேடை பெட்டிக்குச் சின்னதாக இருக்கும். குழாய் அளவுக்கு மீறிப் பெரிதாகவும், முழங்கை முரட்டு வார்ப்பாகவும் இருக்கும். திருகாணிகள் புதிதாக மின்னும். இத்தனையும் இருந்தால், "தாத்தா காலத்தது" என்று விற்பவர் சொல்வதை நம்ப வேண்டாம். இந்தப் போலியின் குழாயையோ முழங்கையையோ நல்ல பெட்டிக்கு மாற்றுப் பாகமாக வாங்கவும் வேண்டாம்.

எங்கே தேடுவது?

சென்னையில் ஒரு காலத்தில் கேட்கவே வேண்டாம். மூர் மார்க்கெட் இருந்தது. 1985-ல் தீயில் அழிந்தது. பம்பாயில் சோர் பஜாரின் மட்டன் தெருப் பக்கம், கல்கத்தாவின் பழைய தட்டுக் கடைகள் ஆகியவை இன்றும் பழக்கமான இடங்கள். ஸ்பிரிங், மைக்கா, ரப்பர் வளையம், ஊசி ஆகியவற்றைப் புதிதாகச் செய்து விற்கிறவர்கள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் பெட்டியின் பெயரைச் சொன்னால் போதாது. மில்லிமீட்டர் அளவோடு எழுத வேண்டும்.

வாங்குவதற்கு முன் சரியான பெட்டி எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்ப்பது பெரிய உதவி. கேரளத்துத் தமிழர்களுக்கு அதற்கு அதிக தூரம் போக வேண்டியதில்லை. கோட்டயம் மாவட்டம் பிளாசநாலில் ஒரு கிராமபோன் மியூசியம் இருக்கிறது. வன வளர்ச்சிக் கழகத்தில் உத்தியோகம் பார்த்த சன்னி மேத்யூ, பல ஆண்டுகளாகச் சேர்த்த பெட்டிகளையும் தட்டுகளையும் வைத்து 2015-ல் தொடங்கியது அது. மும்பையில் 1990-ல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கம் தட்டுகளைப் பற்றிய விவரங்களைத் தொகுத்து வெளியிட்டிருக்கிறது.

வளைகுடாவில் இருக்கும் உறவினருக்குப் பெட்டியை அனுப்ப நினைப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 100 ஆண்டு கடந்த பொருள்களை வெளிநாடு கொண்டு போவதற்கு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கட்டுப்பாடு உண்டு. தொல்பொருள் துறையில் கேட்டுக்கொண்டு செய்வது நல்லது.

ரிப்பேருக்குக் கொடுக்கும்போது

பெட்டியைக் கொடுக்கும் முன் எல்லாப் பாகங்களையும் எண்ணி, போட்டோவோடு ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எதை மாற்றினாலும் பழைய பாகத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உடைந்த பழைய பாகம் குப்பை அல்ல. அடுத்த தடவை பாகம் செய்பவருக்கு அதுதான் அளவுகோல். உடைந்த ஸ்பிரிங்கின் துண்டு ஒன்று கையில் இருந்தால் கனமும் அகலமும் தெரியும். கல்லாகிப்போன ரப்பர் வளையம் இருந்தால் விட்டம் தெரியும். ஒரு துணிப்பையில் கட்டிப் பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள்.

கையில் பணம் இல்லாத மாதமாக இருந்தால் ஒன்றும் மாற்ற வேண்டாம். பெட்டியைத் துடைத்து, ஸ்பிரிங்கின் முறுக்கை இறக்கி, ஈரம் தாக்காத இடத்தில் வையுங்கள். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கப் போடாமல், உறையிட்டு நிமிர்த்தி நிறுத்துங்கள். இதற்குச் செலவு கிடையாது.

சரியான பாகம் கிடைக்க ஓராண்டும் ஆகலாம், இரண்டாண்டும் ஆகலாம். அதுவரை பெட்டி பாடாமல் இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பொருந்தாத பாகத்தோடு ஒரு நாள் பாடினாலும் நஷ்டம் தட்டுக்கு. பழைய இரும்புக்காரர் வந்து கேட்டால், சாமானுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.